புதுப்பிப்பு: உதவிபெறும் பள்ளிகளில் நான்காம் நிலைப் பணியாளர் நியமனம்

உத்தரப் பிரதேசத்தில் அரசு உதவிபெறும் பள்ளி நிர்வாகம், காலியான கடைநிலை (நான்காம் நிலை) பணியிடத்துக்குத் தானே ஆளெடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். உச்ச நீதிமன்றத்தின் 27.09.2021 தீர்ப்பில் விடை கிடைத்தது. 1921ஆம் ஆண்டு இடைநிலைக் கல்விச் சட்டத்தின் கீழுள்ள 101ஆம் ஒழுங்குவிதி 2013இல் திருத்தப்பட்டு, நான்காம் நிலைப் பணியிடங்களை வெளியிலிருந்து ஆள் வழங்கும் ஒப்பந்த முகமை வழியாகவே நிரப்ப வேண்டும் என்றானது. அதைச் செல்லாதென்ற அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முடிவை, நீதிபதிகள் எஸ்.கே. கவுல், எம்.எம். சுந்தரேஷ் அமர்வு ரத்துசெய்தது. நிதியுதவி அடிப்படை உரிமையன்று, பெற விரும்பினால் நிபந்தனையையும் ஏற்றாக வேண்டும், சிறுபான்மைப் பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல என்பதே அதன் சாரம். சட்டவாதம் வலுவானதுதான், மணியடித்து வகுப்பறையைப் பூட்டும் ஊழியரின் பணிப்பாதுகாப்புதான் எனக்கு உறுத்துகிறது. எப்படியும், நிர்வாகக் குழுத் தீர்மானத்தை மட்டும் நம்பி நியமன ஆணை வழங்கிவிட வேண்டாம்.