கஸ்டம் வாட்டர் லூப்: ஏசி இல்லாத மாடி அறையில் சரிப்பட்டு வருமா?

மலைக்கோட்டைவாசி:

எல்லோருக்கும் வணக்கம். கம்ப்யூட்டருக்கு கஸ்டம் லூப் (பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் தனித்தனியாக வாங்கி நாமே கட்டும் வாட்டர் கூலிங்) போட வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. பணத்தை இறக்குவதற்கு முன்னால் போட்டுப் பழகியவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

கையில் இருப்பது ரைசன் 7 7800எக்ஸ்3டி சிபியு (பிராசஸர்), ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ சூப்பர் ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு), லியான் லி ஓ11 டைனமிக் ஈவோ கேஸ். சிபியுவுக்கு இப்போது ஏர் கூலர்தான். என் அறை திருச்சியில், மாடியில், நேர் மேலே மொட்டைமாடி, ஏசி கிடையாது. சித்திரை வைகாசியில் மதியம் மூன்று மணிக்கு அறைக்குள்ளேயே 37, 38 டிகிரி காட்டுகிறது. அந்த நேரத்தில் கனமான கேம் எதையாவது ஓட்டினால் ஜிபியு 80ஐத் தொடுகிறது, சிபியு 85ஐத் தாண்டப் பார்க்கிறது, ஃபேன் போடும் சத்தத்தில் பக்கத்து அறையில் அப்பா தூங்க முடியவில்லை.

ஒரே ஒரு 360 ரேடியேட்டர் (மூன்று 120 மிமீ ஃபேன் நீளம்) போதுமா, இரண்டு வேண்டுமா? பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீரை ஊற்றலாமா? கண்ணாடி மாதிரி வளைத்துப் போடுகிறார்களே அந்த ஹார்ட் டியூப், முதல் தடவை செய்பவனுக்குக் கைவருமா? எல்லாவற்றையும் விட, லீக் ஆகி கார்டு போய்விடுமோ என்ற பயம்தான் பெரிதாக இருக்கிறது.

செம்புக்குழாய்:

தம்பி, வாட்டர் கூலிங் அறை வெப்பத்தை ஜெயிக்காது, அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டருக்குள் புகுந்து வெளியே வருவது உங்கள் அறைக் காற்றுதான், அதனால் அறை 38 டிகிரி என்றால் தண்ணீர் ஒருக்காலும் 38க்குக் கீழே இறங்காது. கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம் முழுக்கக் கடைசியில் அந்த அறைக்குள்தான் சூடாக வந்து சேரும், அது ஏர் கூலராக இருந்தாலும் சரி, லூப்பாக இருந்தாலும் சரி. அறை குளிரும் என்ற எதிர்பார்ப்பில் போட்டால் ஏமாற்றம்தான்.

ஆனால் ஜிபியுவுக்குப் பலன் நிச்சயம் உண்டு. உங்கள் கார்டு 285 வாட். கேம் ஓடும்போது 7800எக்ஸ்3டி பெரிதாக எதுவும் இழுக்காது, 50 முதல் 80 வாட்டுக்குள் நிற்கும். மொத்தம் 350 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு 360 ரேடியேட்டர் போட்டு ஃபேனை ஆயிரம் ஆர்பிஎம் பக்கம் ஓட்டினால் தண்ணீர் அறையை விட ஏழெட்டு டிகிரிதான் கூடுதலாக இருக்கும். அதற்கு மேல் சிப் பத்துப் பதினைந்து டிகிரி. ஆக 38 டிகிரி அறையிலும் ஜிபியு 60ஐ ஒட்டி நிற்கும், அதுவும் சத்தமே இல்லாமல். ஒரே 360 என்றாலும் ஓடும், ஆனால் வெயில் நாளில் ஃபேனை முடுக்க வேண்டி வரும். அப்புறம் எதற்கு இவ்வளவு செலவு? உங்கள் கேஸில் மேலே, பக்கவாட்டில், கீழே என்று மூன்று 360 வரை இடம் இருக்கிறது, இரண்டாவது போடுங்கள். 60 மிமீ தடிமனுக்கு ஆசைப்பட வேண்டாம், 30 மிமீ ரேடியேட்டர் இரண்டு போதும். தகடு நெருக்கமில்லாத ரேடியேட்டராகப் பாருங்கள், நம் ஊர்த் தூசி நெருக்கமான தகட்டுக்குள் போய் அடைந்தால் வெளியே எடுக்க உயிர் போகும்.

சிபியு விஷயத்தில் ரொம்ப எதிர்பார்க்காதீர்கள். அந்த சிப்பில் வெப்பம் உற்பத்தியாகும் இடம் சுண்டுவிரல் நகம் அளவுதான், அதன் தலையில் கூடுதல் கேஷ் நினைவக அடுக்கு ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அதற்கு மேல் தடித்த மூடி. சூடு அதைக் கடந்து வெளியே வருவதே சிரமம், மேலே என்ன பிளாக் (சிப் மேல் உட்காரும், உள்ளே தண்ணீர் ஓடும் உலோகக் கட்டை) வைத்தாலும் சில டிகிரிதான் குறையும். அதன் உச்ச வரம்பு 89 டிகிரி. 85 போனால் அதற்கு ஒன்றும் ஆகாது, பார்க்கும் நமக்குத்தான் பதறும்.

காவிரிக்கரை:

லூப் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பிரச்சினை சத்தம் மட்டும்தான் என்றால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். 285 வாட் 228 ஆகிவிடும், எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) கொஞ்சம்தான் குறையும், பல கேம்களில் கண்ணுக்கே தெரியாது. முறையாக அண்டர்வோல்ட் செய்தால் (சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்தால்) அந்தக் கொஞ்சமும் மிஞ்சும். பைசா செலவில்லை. லூப் போட்ட பிறகும் இதை அப்படியே வைத்துக்கொள்ளலாம், கோடையில் ஐம்பது வாட் குறைந்தாலும் அறைக்கு நல்லது.

கொங்கு_பிளாக்:

தண்ணீர் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன், இதில் அலட்சியம் காட்டித்தான் பாதிப் பேர் லூப்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

பேட்டரி தண்ணீர் என்று விற்பது சில பாட்டிலில் டிஸ்டில்டு, சில பாட்டிலில் டிமினரலைஸ்டு. இரண்டுமே ஆகும், ஆனால் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி அளந்துவிட்டு ஊற்றுங்கள், பூஜ்ஜியமோ ஒன்றிரண்டோ காட்ட வேண்டும். வீட்டு ஆர்ஓ தண்ணீர் ஆகாது, அதில் உப்பு கணிசமாக மிச்சம் இருக்கும். அப்புறம், வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றி மூடிவிடாதீர்கள். பாசி பிடிக்காமலும் உலோகம் அரிக்காமலும் இருக்க மருந்து கலந்தே ஆக வேண்டும். வாட்டர் கூலிங் கம்பெனிகளே கான்சன்ட்ரேட் விற்கிறார்கள், உதாரணமாக இகேயின் கிரையோஃபியூவல் 100 மிலி வாங்கினால் ஒரு லிட்டர் கலக்கலாம். நிறம் இல்லாததை வாங்குங்கள். பால் மாதிரி, பெயின்ட் மாதிரி தெரியும் திரவங்கள் படத்துக்கு அழகாக இருக்கும், அதில் மிதக்கும் துகள் நாளடைவில் படிந்து பிளாக்கை அடைத்துவிடும். கார் கூலன்ட் கலக்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள்: அரிப்பைத் தடுக்கும், உண்மை, ஆனால் எத்திலீன் கிளைகால் விஷம், இனிப்பாக வேறு இருக்கும், குழந்தையோ நாயோ இருக்கும் வீட்டில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தண்ணீர் மின்சாரம் கடத்தாது, சிந்தினாலும் பயமில்லை என்று வீடியோக்களில் சொல்வதை நம்ப வேண்டாம். பாட்டிலில் இருக்கும் வரைதான் அது சுத்தம். செம்பையும் பித்தளையையும் தொட்டுச் சுற்ற ஆரம்பித்ததும் அயனிகள் சேர்ந்துவிடும், அப்புறம் அது கடத்தும்.

அடுத்தது உலோகம். செம்பு, பித்தளை, நிக்கல் பூசிய செம்பு, இவை ஒரே லூப்பில் ஒத்துப்போகும். அலுமினியம் மட்டும் உள்ளே வரக் கூடாது. செம்போடு ஒரே நீரில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டுக்கொண்டே போகும், மருந்து கலந்தாலும் அது தள்ளிப்போகுமே தவிர நிற்காது. மலிவாகக் கிடைக்கும் ரேடியேட்டர் பல அலுமினியம்தான், வெளியே கறுப்பு பெயின்ட் அடித்திருப்பதால் பார்த்தால் தெரியாது. நண்பர் ஒருவருக்கு ஒரு கடையில் செம்பு என்று சொல்லியே அலுமினிய ரேடியேட்டரைக் கொடுத்துவிட்டார்கள். அவருடைய சிபியு பிளாக்கைக் கழற்றியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். பிளாக்குக்குள் தண்ணீர் ஓடும், அரை மில்லிமீட்டர் அகலம் கூட இல்லாத பள்ளங்களில் சாம்பல் நிறத்தில் கூழ் மாதிரி அப்பிக் கிடந்தது, பழைய டூத்பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்துத் தேய்த்து எடுத்தோம். ரேடியேட்டரைத் தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது. வாங்கும்போது எடை பாருங்கள், பட்டியலில் செம்பு, பித்தளை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

மலைக்கோட்டைவாசி:

அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. பவர் லிமிட் இறக்கிப் பார்த்தேன், ஜிபியு ஆறு டிகிரி குறைந்தது, சத்தமும் குறைந்தது. ஆனாலும் லூப் ஆசை போகவில்லை. இது என் கையால் கட்ட வேண்டும் என்ற ஆசை, வெறும் டிகிரிக் கணக்கு இல்லை. இரண்டு 360 என்று முடிவு. டியூப், லீக் பற்றி யாராவது சொல்லுங்கள். முதலில் சிபியு, பிறகு ரேடியேட்டர், பிறகு ஜிபியு என்று வரிசை ஏதாவது இருக்கிறதா?

கடற்கரைச்சாலை:

ப்ரோ, முதல் லூப் என்றால் சாஃப்ட் டியூப். யோசிக்கவே வேண்டாம். அதிலும் ஒளி ஊடுருவும் பிவிசி டியூப்பைத் தவிர்த்து, கறுப்பு இபிடிஎம் ரப்பர் வாங்குங்கள். பிவிசியை வளைய வைக்கச் சேர்த்திருக்கும் ரசாயனம் சூடான நீரில் மெல்லக் கசிந்து வெள்ளையாகப் படியும். 45 டிகிரி தண்ணீர் ஓடப்போகிற உங்கள் லூப்பில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். ரப்பர் பார்க்கப் பகட்டாக இருக்காது, ஆனால் வருடக்கணக்கில் நம்பி விடலாம். 10/16 அளவு (உள்விட்டம் 10 மிமீ, வெளிவிட்டம் 16 மிமீ) மடங்காமல் வளையும், ஃபிட்டிங்கும் அதே அளவில் வாங்க வேண்டும்.

ஹார்ட் டியூப் அழகுதான், எனக்கும் பிடிக்கும். பிஇடிஜி பிளாஸ்டிக் குழாய்க்குள் சிலிகான் கயிற்றைச் செருகி, ஹீட் கன்னில் சுழற்றிச் சுழற்றிக் காட்டி, தொய்ய ஆரம்பிக்கும் நொடியில் வளைத்து, ஆறும் வரை அசையாமல் பிடிக்க வேண்டும். கொஞ்சம் அதிகம் காட்டினால் உள்ளே குமிழி வந்துவிடும். வெட்டிய விளிம்பைச் சுற்றிலும் மழித்து மழுங்கடிக்காமல் செருகினால் ஃபிட்டிங் உள்ளே இருக்கும் ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) அது கீறிவிடும், லீக் அங்கேதான் தொடங்கும். இன்னொரு விஷயம், பம்ப் எப்போதாவது நின்று தண்ணீர் 60ஐத் தாண்டினால் பிஇடிஜி இளகி ஃபிட்டிங்கிலிருந்து நழுவும். ஏசி இல்லாத அறையில் ஹார்ட் டியூப்தான் என்று பிடிவாதமாக இருந்தால் அக்ரிலிக் பரவாயில்லை, அது கூடுதல் சூடு தாங்கும்.

வரிசை பற்றிக் கவலை வேண்டாம். நிமிடத்துக்கு மூன்று லிட்டர் ஓடினால் 350 வாட் ஏற்றினாலும் தண்ணீர் ஒரு சுற்றில் இரண்டு டிகிரி கூட ஏறாது. லூப் முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பம்தான், எது முதலில் வந்தாலும் வித்தியாசம் இல்லை, குழாய் குறுக்கே போகாமல் எது சுலபமோ அப்படிப் போடுங்கள். ஒரே ஒரு விதி: தொட்டி பம்புக்கு முன்னால், அதை விட உயரத்தில். லூப்களில் போடும் டி5 வகை பம்புக்குத் தண்ணீர்தான் மசகு, காய்ந்தபடி ஓடினால் பேரிங் போய்விடும்.

ஃபிட்டிங் எல்லாம் ஜி1/4 என்ற அளவு, நேர் மரை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கால் இஞ்ச் பைப் ஃபிட்டிங்கும் உள்ளே ஏறுகிற மாதிரி இருக்கும், அதை முடுக்காதீர்கள். பல வகைகளில் மரை கூம்பாகப் போகும், பிளாக்கிலும் தொட்டியிலும் இருக்கும் அக்ரிலிக் விரிந்து வெடித்துவிடும். டெஃப்ளான் டேப்பும் சுற்ற வேண்டாம். நீரை நிறுத்துவது ஓ-ரிங், அது சமமாகப் படியும் வரை கையால் முடுக்கினால் போதும், ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

லீக் பயத்துக்கு மருந்து, தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே காற்றில் சோதிப்பது. அழுத்தமானி வைத்த சின்ன கைப்பம்ப் தனியாக விற்கிறது. லூப்பை மூடி அரை பார் வரை ஏற்றிவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். முள் இறங்கினால் எங்கோ கசிவு. ஒவ்வொரு மூட்டாக அசைத்துப் பார்த்துக் கண்டுபிடியுங்கள், கார்டில் ஒரு சொட்டு விழாமல் வேலை முடிந்துவிடும். முள் அசையவில்லை என்றால் தண்ணீர் ஊற்றி, மதர்போர்டுக்கும் கார்டுக்கும் போகும் பவர் கேபிள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, பவர் சப்ளையின் 24 பின் கேபிளில் ஜம்பர் (மதர்போர்டு இல்லாமலே அதை ஆன் செய்யும் சின்ன இணைப்பான்) செருகி பம்பை மட்டும் ஓட்டுங்கள். ஒவ்வொரு மூட்டுக்குக் கீழேயும் டிஷ்யூ பேப்பர். கேஸை இப்படியும் அப்படியும் சாய்த்துக் காற்றை வெளியேற்றி, ஒரு இரவு முழுக்க ஓடட்டும்.

செம்புக்குழாய்:

மேலே சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

புது ரேடியேட்டருக்குள் உலோகத்தைப் பற்ற வைக்கத் தடவிய ஃபிளக்ஸ் மிச்சம் இருக்கும். சூடான டிஸ்டில்டு தண்ணீரை ஊற்றி, குலுக்கி, வெள்ளைத் துணி வழியாகக் கொட்டுங்கள், துணியில் துகள் விழாத வரை திரும்பத் திரும்ப. இதைத் தவிர்த்தால் அந்த அழுக்கு நேரே பிளாக்கில் போய் உட்காரும்.

தண்ணீர் வெப்பத்தை அளக்கும் சென்சார் ஒன்று அவசியம் போடுங்கள், ஜி1/4 அடைப்பான் வடிவிலேயே கிடைக்கிறது, மதர்போர்டில் இரண்டு பின் சென்சார் இடம் இருக்கிறதா என்று மேனுவலில் பாருங்கள். ஃபேன் வேகத்தை சிபியு வெப்பத்தோடு கட்டாமல் தண்ணீர் வெப்பத்தோடு கட்ட வேண்டும். சிபியு நொடிக்கு நொடி துள்ளும், தண்ணீர் அப்படித் துள்ளாது. ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி ஏற்ற 350 வாட்டுக்குப் பன்னிரண்டு நொடி ஆகிறது, அதனால் ஃபேன் மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். அப்பா நிம்மதியாகத் தூங்குவார். உங்கள் அறைக்கு 40 டிகிரியில் மெதுவான ஓட்டம், 48ஐத் தொட்டால் முழு வேகம் என்று ஆரம்பித்துப் பாருங்கள்.

மலைக்கோட்டைவாசி:

மிக்க நன்றி அண்ணா. கடைசியாக ஒரு கேள்வி. ரேடியேட்டரை ஜன்னலுக்கு வெளியே வைத்துச் சூட்டை வெளியே தள்ளினால் அறை குளிராதா? தொட்டியில் ஐஸ் போடலாமா என்று நண்பன் கேட்கிறான்.

செம்புக்குழாய்:

ஐஸ் வேண்டாம். அறைக் காற்றின் பனிநிலைக்கு (காற்றில் இருக்கும் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு) கீழே தண்ணீர் போனால் பிளாக்கின் வெளிப்புறத்தில் வியர்க்கும், சாக்கெட்டைச் சுற்றி ஈரம் இறங்கும். சாதாரண லூப்பில் இந்தத் தொல்லை கிடையாது, ஏனென்றால் தண்ணீர் எப்போதும் அறையை விடச் சூடாகவே இருக்கும்.

வெளியே வைப்பது நல்ல யோசனைதான், அதற்கென்றே மோ-ரா மாதிரி பெரிய ரேடியேட்டர்கள் உண்டு, க்விக் டிஸ்கனெக்ட் ஃபிட்டிங் போட்டால் கழற்றி மாட்டலாம். 350 வாட் சூடு அறைக்குள் வராமல் வெளியே போவது மாடி அறையில் உடனே தெரியும். ஆனால் வெயில் நேராக விழாத சுவராக இருக்க வேண்டும், மழைச்சாரல் ஃபேனில் அடிக்கக் கூடாது, அணில் டியூப்பைக் கடிக்காமல் வலை அடிக்க வேண்டும். முதல் லூப்பை உள்ளேயே கட்டுங்கள், ஆனால் பின்பக்கம் இரண்டு க்விக் டிஸ்கனெக்டுக்கு இடம் விட்டு வையுங்கள், பிறகு வெளியே நீட்டிக்கொள்ளலாம். லூப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு டீ ஃபிட்டிங் (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டு டிரெயின் வால்வும் வைத்துவிடுங்கள், வருடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றும்போது கேஸைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டியிருக்காது. கார்டு பிளாக் வாங்கும் முன் உங்கள் கார்டின் முழு மாடல் பெயரை இங்கே போடுங்கள், ஒரே சிப் என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி போர்டு மாறும், பொருந்துகிறதா என்று பட்டியலில் பார்த்துச் சொல்கிறேன்.