கம்பெனி இல்லாம ஆல்பம் போட முடியுமா? கனடா பேண்ட் கதை தெரிஞ்சவங்க சொல்லுங்க

தாமிரபரணிக்காரன்:
மக்கா, நாங்க அஞ்சு பேரு, பாளையங்கோட்டை. வில்லு, குடம், உடுக்கோட கிடாரும் சேத்து பாடுதோம். கோயில் கொடைக்கு கூப்பிட்டா கூட்டம் நிக்குது, ஆனா ரெக்கார்டிங் பண்ண கையில காசு இல்ல. கனடால ஒரு ஃபோக் பேண்ட் ஆளுங்ககிட்டயே காசு வாங்கி ஆல்பம் போட்டாங்கன்னு கேட்டேன், நிஜமா?

சுரண்டை அண்ணாச்சி:
நிஜந்தாம்ல. ஸ்ட்ரிங்பேண்ட். 1970கள் தொடக்கத்துல டொராண்டோல பாப் பாஸின், மேரி-லின் ஹேமண்ட் ரெண்டு பேரும் ஆரம்பிச்சது, இங்கிலீஷ், பிரெஞ்சு ரெண்டுலயும் பாடுவாவ. பெரிய கம்பெனிய நம்பாம ரெக்கார்ட சொந்தமா போட்டு கச்சேரிக்கு கச்சேரி வித்தாவ. ஒரு ஆல்பத்துக்கு ரசிகர்கள்ட்ட முன்கூட்டியே பணம் வாங்கி, குடுத்தவுக பேரயெல்லாம் அட்டையிலயே அச்சடிச்சாவ, இன்டர்நெட் இல்லாத காலத்துல பாத்துக்க. நம்ம கொடை நோட்டீஸ்ல வரி குடுத்தவுக பேரு போடுத மாதிரியேதான்.

பனங்காட்டுக்காரி:
கனடா ஃபோக் பாடகர் ஸ்டான் ரோஜர்ஸையும் கேளுங்க தம்பி. கடலுக்கு போறவன், வயல்ல நிக்கிறவன், அவங்க பாட்டுதான் பாடினாரு. 1983ல விமானத்துல தீப்பிடிச்சு இறந்துட்டாரு, வயசு 33, நெஞ்சே ஆறல எனக்கு. அவர் பாட்டு இன்னும் உசிரோட இருக்கு.

சுரண்டை அண்ணாச்சி:
ஒண்ணு மறந்துட்டேன். ஸ்டூடியோல குடத்துக்கு தனி மைக் வைங்க. போன வருசம் எங்க செட்டு ரெக்கார்டிங்ல ஒரே மைக்குல எல்லாத்தயும் அமுக்கி, வில்லு மணி சத்தமே கேக்கல, காசும் போச்சு.

தாமிரபரணிக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. ஆடிக் கொடைல நோட்டு ஒண்ணு வச்சு பேரு எழுத ஆரம்பிக்கோம்.