எஃப்இஆருக்கு (பேட்டன்ட் ஆபீஸ் அனுப்பற முதல் பரிசோதனை அறிக்கை) பதில் எழுதத் தெரியாம நிக்கிறேன், பேட்டன்ட் வேலை தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க

வணக்கம். போன வருஷம் வக்கீலா என்ரோல் பண்ணேன், சென்னைல ஒரு ஆபீஸ்ல பேட்டன்ட் வேலைல சேர்ந்து நாலு மாசம் ஆகுது. போர்வெல் மோட்டார் கன்ட்ரோலர் ஒண்ணுக்கு (பப்ளிஷ் ஆன அப்ளிகேஷன்தான்) எஃப்இஆர் வந்திருக்கு, டி1 டி2ன்னு ரெண்டு பழைய டாக்குமென்ட்டைக் காட்டி பிரிவு 2(1)(ஜேஏ)ல இன்வென்டிவ் ஸ்டெப் (அந்தத் துறை ஆளுக்குச் சுலபமா தோணாத முன்னேற்றம்) இல்லங்கிறாங்க. பதில் கொடுக்கற ஆறு மாசக் கெடுவுல இன்னும் அஞ்சு வாரம்தான் மிச்சம்.

1970 பேட்டன்ட் சட்டத்த ரெண்டு தடவ முழுசா படிச்சுட்டேன். 2013 நோவார்ட்டிஸ் தீர்ப்பும் படிச்சேன், பிரிவு 3(டி) (தெரிஞ்ச பொருளோட புது வடிவத்துக்குப் பலன் கூடலன்னா பேட்டன்ட் இல்லங்கிறது) நல்லா புரிஞ்சுது, ஆனா அது மருந்து கேஸ், இங்க உதவல. அப்புறம் கிளெய்ம் 1-ஐ (எதுக்கு உரிமை கேக்கறோம்னு சொல்ற முதல் பத்தி) வரி வரியா உடைச்சு டேபிள் போட்டேன், டி1ல கரன்ட் சென்சார் இருக்கு, டி2ல டைமர் இருக்கு, தண்ணி வத்தி மோட்டார் நின்னா திரும்ப எப்ப ஓடணும்னு போன தடவ ஊறுன நேரத்த வச்சு அதுவே கணக்குப் போடறது ரெண்டுலயுமே இல்ல. அத எழுதிக் கொடுத்தா சீனியர் சிவப்பு மையில "வித்தியாசத்த சொல்லிட்ட, அது ஏன் சுலபமா தோணாதுன்னு எங்க?"ன்னு எழுதித் திருப்பிட்டார். அவர் கேட்டது சரிதான், அங்கதான் மாட்டிக்கிட்டேன்.

டி1ஐயும் டி2ஐயும் சேர்த்தாலும் அந்தத் துறை ஆளுக்கு இது தோணியிருக்காதுன்னு வாதம் கட்டறத நீங்க முதல்ல எப்படிப் பழகுனீங்க?