பொது நூலகத்தில் வம்சாவளித் தேடலும் திரையிடலும் வேண்டுமா?

திருமலை வாசகன்:
பொது நூலகம் என்றால் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் நாளிதழ் புரட்டும் ஓய்வூதியர்களும் என்றே நம் மாவட்டத்தில் பழகிவிட்டோம். இடைப்பட்ட வயதினருக்காக இரண்டு நிகழ்ச்சிகளை முன்மொழிகிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தம் முன்னோரைப் பற்றிய பதிவுகளைத் தேட விரும்புவோருக்குப் பயிற்சி. இன்னொரு சனிக்கிழமை மாலை, ஒரு திரைப்படமும் அதன்பின் உரையாடலும்.

உப்புவெளி ஆசிரியை:
ஐயா, இரண்டையும் நான் ஏற்கவில்லை. வீட்டில் இடமில்லாத பிள்ளைக்கு உயர்தரப் பரீட்சைக் காலத்தில் கிடைக்கும் அமைதியான மேசை நூலகத்து மேசைதான். பக்கத்து மண்டபத்தில் படம் ஓடினால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

வம்சாவளி இதைவிடக் கவலை தருகிறது. ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் எனப்படும் காணி, குடிப் பதிவேடுகள் முதற்கொண்டு பழைய பதிவுகள் பலவற்றில் ஆளின் பெயரோடு சாதியும் எழுதப்பட்டிருக்கிறது. ‘பூட்டன் யார்’ என்று தொடங்கும் தேடல் ‘பூட்டன் என்ன ஆட்கள்’ என்று முடிய அதிக நேரம் எடுக்காது. பரம்பரையைக் கேட்டு மனிதரைப் பிரித்தது இந்த நாட்டுக்குப் புதிதுமல்ல. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இங்கேயே பிறந்தவரிடமும், தந்தை இலங்கையில் பிறந்தவரா, இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா என்று கேட்டுத்தான் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது.

தோட்டத்து வழி வந்தவன்:
அந்தச் சட்டத்தில் அகப்பட்ட குடும்பம் எங்களுடையது. 1977 கலவரத்தின்பின் இந்த மாவட்டத்துக்கு வந்தோம். ஆசிரியை அவர்கள் வேண்டாம் என்பதற்குக் காட்டும் காரணமே, எனக்கு வேண்டும் என்பதற்கான காரணம். எங்கள் அப்பாயி தோட்டத்துப் பேரேட்டில் ‘மூக்காயி’, அடையாள அட்டையில் ‘முத்தாயி’. இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடிக்க அப்பா பலமுறை அலைந்தார். எந்தத் தாளை எங்கே கேட்பது என்று சொல்லித்தர அன்று ஓர் இடம் இருந்திருந்தால் அவருக்கு அந்த அலைச்சல் குறைந்திருக்கும்.

கிண்ணியா சட்ட மாணவன்:
திரையிடல் பற்றி மட்டும் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பொதுமக்கள் முன் படத்தைக் காட்டும் உரிமை உரிமையாளருக்கே உரியது. கட்டணம் வாங்கவில்லை என்பதால் மட்டும் அது நமக்கு வந்துவிடாது. ஒருவருடைய வீட்டுச் சந்தாவை நூலகத் திரையில் ஓட்டுவதும் அவ்வாறே. எழுத்தில் அனுமதி பெறலாம். உள்ளூர்க் குறும்பட இயக்குநர்களிடம் அது எளிது.

திருமலை வாசகன்:
சகோதரருக்கு நன்றி. அனுமதி கிடைத்த படம், அதுவும் பரீட்சை இல்லாத மாதங்களில் என்று திருத்திக்கொள்கிறேன்.

வம்சாவளிக்கு வருகிறேன். நம்மவர் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர் முன்னெழுத்தாகி, அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடுகிறது. ஆகவே குடும்பப் பெயரை வைத்துத் தேடும் வெளிநாட்டு இணையத்தளங்கள் நமக்கு அவ்வளவாக உதவா. உதவுவது காணி உறுதி. எங்கள் வீட்டு மரப்பெட்டியில் இருந்த உறுதியொன்றில், காணி யாருடைய முதுசமாய் வந்தது என்பதோடு, வடக்கே யார் காணி, கிழக்கே யார் காணி என்று நான்கு எல்லைகளும் இருந்தன. கிழக்கு எல்லைக்காரர் எங்கள் பாட்டியின் தமையன் என்பது அதை வாசித்தபோதுதான் தெரிந்தது. அதன் ஓரம் 2004 ஆழிப்பேரலையில் நனைந்து கரைந்திருக்கிறது. மற்றொன்று, ஒருவர் இறந்த 31ஆம் நாளில் அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு மலர். தேவாரத்துக்கும் தோத்திரத்துக்கும் பின்னால் வம்சாவளியை அச்சிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. 2005இல் தொடங்கிய, ‘நூலகம்’ என்றே பெயர்கொண்ட எண்ணிம நூலகம் இத்தகைய மலர்களைப் பிரதியெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. நம் ஊர் மலர்களைச் சேர்க்க ஓர் அலுமாரி போதும்.

உப்புவெளி ஆசிரியை:
உறுதி வாசிக்கச் சொல்லித்தருவதை இனி எதிர்க்க மாட்டேன். தோட்டத்து வழி வந்த தம்பி சொன்னது மனதைத் தைத்தது. மலர் அலுமாரியை எதிர்க்கிறேன். அச்சிட வசதியுள்ள குடும்பங்கள்தான் மலர் போடும். எங்கள் உறவில் வந்த ஒரு மலரில், சாதி மாறி மணம்முடித்த மகளின் பெயரே இல்லை. நான்கு பிள்ளைகள் என்று இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. அதை நூலகம் அட்டை போட்டு வைத்தால் அந்த மூன்றே உண்மையாகிவிடும்.

திருமலை வாசகன்:
ஒவ்வொரு மலரோடும் வெற்றுத்தாள்கள் இரண்டைச் சேர்த்துத் தைக்கலாம். விடுபட்டவரோ அவருடைய பிள்ளைகளோ வந்து தம் பெயரைத் தாமே எழுதிக் கையொப்பமிடட்டும்.

உப்புவெளி ஆசிரியை:
எழுதிய தாளை இன்னோர் உறவினர் வந்து கிழித்தால்?

தோட்டத்து வழி வந்தவன்:
தாளுக்குப் பக்க எண் இடுங்கள், அம்மா. கிழித்தது தெரியும்.