காலையில் வாய் திறக்க முடியவில்லை. மனக்கவலையால் தாடை பூட்டிக்கொள்ளுமா?

திருப்பாப்புலியூர்_மருமகள்:
மாமியாருக்கு டயாலிசிஸ். அவரைக் கூட்டிக்கொண்டு கடலூருக்கும் பாண்டிக்கும் அலைவது நான்தான். சில வாரங்களாகக் காலையில் வாய்க்குள் இரண்டு விரல் நுழைவதே பெரும்பாடு. இட்லியைப் பிட்டு, சாம்பாரில் ஊறவைத்து உள்ளே தள்ளுகிறேன். மதியத்துக்குள் கொஞ்சம் இளகிவிடுகிறது. பல் டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "எலும்பு நல்லா இருக்கு, டென்ஷனைக் குறைங்கம்மா" என்றார். அதிலிருந்து வீட்டில், "மனசுதான் காரணம்னா வாயைத் திறக்க வேண்டியதுதானே" என்கிறார்கள். எனக்கு வலி உயிர் போகிறது. மனசு தாடையைப் பூட்டுமா?

பாண்டி_பிசியோ:
பூட்டும், சகோதரி. இது நடிப்பே இல்லை. கன்னத்தில் கை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள், ஒரு தசை புடைக்கும். மாசெட்டர் என்று பெயர். கவலை தீராதபோது தூக்கத்தில் நமக்கே தெரியாமல் பல்லை இறுக்குகிறோம். ராத்திரியெல்லாம் உழைத்த தசை காலையில் விறைத்துக் கிடக்கும். மதியம் இளகுகிறது என்கிறீர்களே, அதுவும் ஒத்துப்போகிறது. பெரியவர்களுக்கு வாய் 35 முதல் 55 மி.மீ. திறக்கும், அதாவது அவரவர் மூன்று விரல். பலவந்தமாகத் திறக்காதீர்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். ராத்திரி பல்லில் மாட்டும் ஸ்பிளிண்ட் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். தாடை மூட்டுக்குள் இருக்கும் வட்டு விலகினாலும் பூட்டும். அது எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும்.

நெல்லிக்குப்பம்_தம்பி:
அக்கா, டென்ஷன் என்று முடிவு கட்டும் முன் ஒன்று. எங்கள் அண்ணனுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பார்த்தால், பாக்குப் பொட்டலம் போட்டுப் போட்டுக் கன்னத்தின் உள்பக்கம் நார் நாராக இறுகியிருந்தது. காரம் பட்டாலே எரியும் அவருக்கு. கடைவாய்ப் பல்லில் சீழ் இருந்தாலும் வாய் திறக்காது. வாந்தி நிற்கத் தரும் சில மாத்திரைகள், சில மனநல மருந்துகள்கூட தாடையை இழுத்துப் பிடிக்கும். அடிபட்ட புண்ணுக்கு அப்புறம் இறுகினால் டெட்டனஸாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

திருப்பாப்புலியூர்_மருமகள்:
பாக்கு, மாத்திரை, புண் எதுவும் இல்லை தம்பி. இன்று பஸ் கிருமாம்பாக்கம் தாண்டும்போதுதான் கவனித்தேன். மாமியார் என் தோளில் சாய்ந்து தூங்குகிறார். என் இரண்டு வரிசைப் பல்லும் ஒட்டிக்கிடக்கிறது, நெற்றிப்பொட்டு தெறிக்கிறது. பகலிலும் கடிக்கிறேன் போல.

பாண்டி_பிசியோ:
சரியாகப் பிடித்துவிட்டீர்கள். இனி ஒவ்வொரு நிறுத்தத்திலும் பல்லைப் பிரித்துவிடுங்கள். உதடு மூடியிருக்கலாம், பல் தொடக்கூடாது. அப்புறம், ஒரு நாளாவது டயாலிசிஸுக்கு வீட்டில் வேறு ஆள் போகட்டும். இதை அவர்களிடமே காட்டுங்கள். மனம்விட்டுப் பேச வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவி எண், டெலி மனாஸ் என்று பெயர். தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.