வன்னியில் அரச ஊழியர் சங்கம்: வெளியிலிருந்து போய்த் தொடக்கிக் குடுக்கலாமா?

கனகராயன்:
துணுக்காய், மாந்தை கிழக்கு, ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் பிரதேச சபையளிலயும் ஆஸ்பத்திரியளிலயும் வேலை செய்யிற அமைய ஊழியர் (நிரந்தர நியமனம் இல்லாத நாள் சம்பளக்காரர்), சுகாதாரத் தொழிலாளர், காவலாளியள், சாரதிமாருக்குச் சங்கம் வேணும் எண்டதில இங்க ஒருத்தருக்கும் மறுப்பில்லை. யாழ்ப்பாணத்திலயிருந்தும் வவுனியாவிலயிருந்தும் அமைப்பாளர்கள் போய் அதைத் தொடக்கி வைக்கிறதா, அங்க உள்ளவை தாங்களாத் தொடங்கட்டும் எண்டு பொறுக்கிறதா எண்டதுதான் கேள்வி. போகவேணும் எண்டு நான் சொல்லுறன்.

ஒரு உப அலுவலகத்தில நாலைஞ்சு பேர்தான் இருப்பினம். அடுத்த அலுவலகம் பதினைஞ்சு இருபது கிலோமீற்றர் தள்ளி. பாண்டியன்குளத்தில உள்ளவருக்கு ஒட்டுசுட்டானில உள்ளவரைத் தெரியாது. நாள் சம்பளக்காரர் ஒரு நாள் அலைஞ்சால் ஒரு நாள் காசு போச்சு. அந்த அலைச்சலை அமைப்பாளர் எடுக்கவேணும்.

ஒரு பயணத்தோட காரியம் முடியாது, மூண்டு தரம் போகவேணும். முதல் பயணத்தில கூட்டமே வேண்டாம், பட்டியல் மட்டும்: பெயர், வேலை, நியமனம் நிரந்தரமா அமையமா ஒப்பந்தமா, நியமனக் கடிதம் இருக்கா, அதில என்ன திகதி, சம்பளத்தை ஆர் குடுக்கினம். ரெண்டாவது பயணத்தில பத்துப் பதினைஞ்சு பேரோட இருந்து கதைக்கிறது. மூண்டாவதில பொதுக்கூட்டம், யாப்பு, நிர்வாகத் தெரிவு. இடையில ரெண்டு மூண்டு கிழமை விடவேணும். மாங்குளத்தில இறங்கினால் மல்லாவி, துணுக்காய் ஒரு நாள், ஒட்டுசுட்டான், முள்ளியவளை இன்னொரு நாள். நெடுங்கேணிக்குப் புளியங்குளச் சந்தியால திரும்பிறது சுகம். எல்லாத்தையும் ஒரே நாளில முடிக்க நினைச்சால் ஒரு இடத்திலயும் ஒழுங்காக் கதைக்க ஏலாது.

நெடுங்கேணி வெயில்:
பட்டியல் நல்லாத்தான் இருக்கு. ஆனா அதை எடுக்க வாறவரை நினைச்சுத்தான் எனக்குப் பயம். ஊரில தெரியாத மோட்டார் சைக்கிள் ஒண்டு உப அலுவலகத்துக்கு முன்னால அரை மணித்தியாலம் நிண்டால், பொழுதுபடுகிறதுக்குள்ள மேலதிகாரிக்கும் தெரிஞ்சிடும், சிவில் உடுப்பில திரியிறவைக்கும் தெரிஞ்சிடும். வந்தவர் பின்னேர பஸ்ஸில ஏறிடுவார். அடுத்த நாள் காலமை கையெழுத்துப் புத்தகத்துக்கு முன்னால நிக்கப்போறது அமைய ஊழியர்தானே? நிரந்தர உத்தியோகத்தரை இடம் மாத்தக் கடிதம் அடிக்கவேணும், காரணம் எழுதவேணும். அமைய ஊழியருக்கு ஒண்டுமே தேவையில்லை. “நாளைக்கு வரவேண்டாம், தேவையெண்டால் கூப்பிடுறம்” எண்டு வாயால சொன்னாலே காணும்.

என்ர யோசனை, முதல்ல உள்ளுக்க உள்ளவை கூடட்டும். எல்லாக் கந்தோரிலயும் நலன்புரிச் சங்கம் இருக்குத்தானே. அதுக்குள்ள ரெண்டு மூண்டு பேர் பொறுப்புக்கு வந்து பழகட்டும். பிறகு அவை கூப்பிட்டால் வெளியாக்கள் போகலாம்.

பாலியாறு:
நலன்புரிச் சங்கத்தையும் தொழிற்சங்கத்தையும் ஒன்றாகப் பார்க்க வேண்டாம். நலன்புரிச் சங்கத்தில் பெரும்பாலும் அலுவலகத் தலைவரே தலைவர் அல்லது போசகர். செத்த வீட்டுக்கு உதவுவதற்கும் வருடாந்தச் சுற்றுலாவுக்கும் அது சரி. அந்தத் தலைவரோடேயே சம்பளத்தைப் பற்றிப் பேச அது உதவாது.

தொழிற்சங்கத்துக்கு 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம்தான் அடிப்படை. 7 பேர் கையொப்பமிட்டால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் விண்ணப்பம் போக வேண்டும். பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். கூட்ட அறிக்கையில் “இன்று சங்கம் அங்குரார்ப்பணம் செய்யப்பட்டது” என்று திகதி போட்டு எழுதிவிட்டு, யாப்பை எழுதி முடிக்க ஐந்து மாதம் எடுக்கிறார்கள். யாப்பின் வரைவு கையில் வரும்வரை அந்த வசனத்தை எழுதாதீர்கள். அதுவரை நடப்பவை கலந்துரையாடல் மட்டுமே.

விண்ணப்பத்தோடு யாப்பின் பிரதிகள், கையொப்பமிட்டவர்களின் பெயர், தொழில், முகவரி, நிர்வாகிகளின் பதவி, பெயர், வயது, முகவரி, தொழில், சங்கத்தின் தலைமையக முகவரி எல்லாம் போக வேண்டும். பதிவாளர் தொழில் ஆணையாளர் நாயகம். அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டலும் படிவத்தில் வேறொன்றும் இருந்தால் கோப்பு திரும்பி வரும்.

இன்னொன்று. கனகராயன் சொல்லும் எல்லோரையும் ஒரே சங்கத்தில் சேர்க்க முடியாது. அரச உத்தியோகத்தர் சங்கம் ஒரு திணைக்களத்துக்குள், அல்லது ஒரு சேவைக்குள், அல்லது ஒரு தரத்துக்குள் நிற்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. பிரதேச செயலகச் சாரதியையும் ஆஸ்பத்திரிச் சிற்றூழியரையும் ஒரு யாப்பில் எழுதினால் பதிவு கிடைக்காது. முதல் பயணத்துப் பட்டியலில் “சம்பளம் கொடுப்பது யார்” என்ற நிரலை வைத்தே ஆட்களைப் பிரிக்க வேண்டும்.

ஏ9 பயணி:
புதுச் சங்கம் எதுக்கு? 40 வீதம் அங்கத்துவம் இல்லாட்டி நிர்வாகம் பேச்சுக்கே வராது. பேசாம கொழும்பில இருக்கிற பெரிய சங்கம் ஒண்டின்ர கிளையாச் சேர்ந்தால் பதிவும் இருக்கு, சட்டத்தரணியும் இருக்கு. இடமாற்றச் சபையிலயும் ஆக்கள் எண்ணிக்கை உள்ள சங்கத்தின்ர பேச்சுத்தான் எடுபடும்.

பாலியாறு:
40 வீதம் என்பது கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு வந்தது, தனியார்துறைக்கானது. அரசு தொழில்தருநராக இருக்கும் இடத்தில் அந்தச் சட்டமே செல்லாது என்று அதன் 49ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கணக்கைச் சொல்லி ஊழியர்களைச் சோர வைக்காதீர்கள். இதில் மறுபக்கமும் உண்டு. தனியார்துறை ஊழியர் அந்தச் சட்டத்தின் கீழ் நடுத்தீர்ப்புக்குப் போகலாம், அரச ஊழியருக்கு அந்த வழி கிடையாது. அவருக்கு இருப்பது தாபன விதிக்கோவை (அரச ஊழியருக்கான சேவை விதிகளின் தொகுப்பு), மேன்முறையீடு, மனித உரிமைகள் ஆணைக்குழு, நீதிமன்றம். சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அது மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. வவுனியாவில் அந்த ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அமைப்பாளர் முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டியது இந்த ஒரு மாதக் கணக்கை.

தண்ணீரூற்று:
கிளையாச் சேருறதில எனக்கு ஒரு பயம். கொழும்பிலயிருந்து சுற்றறிக்கை சிங்களத்தில வந்தால் அதை ஆர் வாசிக்கிறது? கிளையாகிறதுக்கு முன்னால ரெண்டு விசயத்தை எழுத்தில வாங்கவேணும்: கடிதங்கள் தமிழிலயும் வரவேணும், சந்தாவில ஒரு பங்கு கிளையிலயே நிக்கவேணும். இந்த ரெண்டுக்கும் ஓம் எண்டால் சேரலாம்.

நேரத்தைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை, வன்னியில கூட்டம் சரிவாறதும் பிழைக்கிறதும் அதிலதான். கந்தோர் 4.15க்கு முடியும். கிளிநொச்சியில வேலை செய்யிற எழுதுவினைஞர், அபிவிருத்தி உத்தியோகத்தர் பலர் யாழ்ப்பாணத்திலயிருந்து வந்து போறவை. 4.30க்குக் கூட்டம் வைச்சால் அவை வரமாட்டினம், வந்தாலும் கண் பஸ்ஸிலதான் இருக்கும். அவையோட கதைக்கிற இடம் காலமை பஸ்ஸும் ரயிலும்தான். ஆஸ்பத்திரியில முறை மாறுறது காலமை 7, பகல் 1, இரவு 7. பகல் 1 மணிக்கு ரெண்டு முறை ஆக்களும் வாசலில இருப்பினம், அந்த இருபது நிமிசத்தை விட்டால் ஒரே கூட்டத்தை ரெண்டு தரம் வைக்கவேணும். குப்பை அள்ளுற தொழிலாளர் விடியவே இறங்கிறவை, பத்துப் பத்தரைக்குத் தேத்தண்ணிக் கடையில நிப்பினம்.

சிற்றூழியரில கனபேருக்கு வயல் இருக்கு. விதைப்பு நேரத்திலயோ பெரும்போக அறுவடை நேரத்திலயோ நாள் குறிச்சால் கதிரைதான் மிஞ்சும். வைகாசியில வற்றாப்பளைப் பொங்கல் கிழமை முல்லைத்தீவுப் பக்கம் ஒண்டும் நடக்காது. மே 18, நவம்பர் 27ஐ ஒட்டின நாளுகளையும் தவிர்க்கவேணும். அந்த நாளில எந்தக் கூட்டத்துக்கும் வேற பெயர் வைப்பினம், பாவம், வந்த தொழிலாளிதான் விசாரணைக்குப் பதில் சொல்லவேணும்.

கனகராயன்:
நேர விசயத்தில தண்ணீரூற்று சொல்லுறது முழுக்கச் சரி. நெடுங்கேணி வெயிலுக்கு ஒண்டு: வாயால நிப்பாட்டப்படுற ஆளுக்குத்தான் முதல்ல சங்கம் வேணும். அவரை “நீ முதல்ல உள்ளுக்க பழகு” எண்டால் அது நடக்காத காரியம். 2014இல வந்த அரச நிர்வாகச் சுற்றறிக்கை 25/2014, 180 நாள் சேவை முடிச்ச அமைய, தற்காலிக ஊழியரை நிரந்தரமாக்க வழி விட்டது. அப்பிடி ஒண்டு திரும்ப வந்தால் நாள்கணக்குக் காட்டவேணும். அமைப்பாளர் போய்ச் செய்யவேண்டிய முதல் வேலை அதுதான். கையெழுத்துப் புத்தகத்தைப் போனில படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கோ.

நெடுங்கேணி வெயில்:
இதைத்தான் நான் பயந்தது! கையெழுத்துப் புத்தகம் கந்தோர் ஆவணம். அதைப் படம் எடுத்தவரை நிப்பாட்ட அதுவே காணும், பிறகு சங்கத்துக்காகத்தான் நிப்பாட்டினது எண்டு நிரூபிக்கவும் ஏலாது. வெளியாள் ஒருத்தர் நல்ல மனசோட சொல்லுற யோசனைதான் உள்ளுக்க இருக்கிறவரைப் பலி குடுக்கிறது.

பாலியாறு:
வெயில் சொல்வது சரி, படம் வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் உத்தியோகத்தருக்கு எழுத்தில் கேட்டால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதற்கப்பால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கேள்வியைக் குறுக்கிக் கேளுங்கள்: “இன்ன மாதத்திலிருந்து இன்ன மாதம் வரை எனது வரவுப் பதிவின் பிரதி.” பிறருடையதைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுக்க இடம் உண்டு. அதனால் ஒவ்வொருவரும் தனக்குத் தானே எழுத வேண்டும். அமைப்பாளர் இருபது படிவத்தை நிரப்ப உதவலாம், கையொப்பம் அவரவருடையது. ஒரே நாளில் இருபதும் போனால் தனியாக ஒருவரைக் குறிவைக்கவும் முடியாது.

இன்னொரு சான்று கந்தோருக்கு வெளியே இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதி கழிக்கப்படுகிறவர்களுக்கு மாதாமாதம் கணக்கில் பணம் போயிருக்க வேண்டும்: ஊழியரிடமிருந்து 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்தருநர் வேறாக 3 வீதம். அந்தக் கணக்குக் கூற்றே அவர் அந்த மாதம் வேலை செய்தார் என்பதற்கு ஆதாரம். சம்பளத்தில் கழித்துவிட்டு நிதிக்கு அனுப்பாமல் விட்டிருந்தால் அதுவே தொழில் திணைக்களத்துக்குக் கொண்டுபோகக்கூடிய முறைப்பாடு.

ஏ9 பயணி:
40 வீதம் பற்றி நான் எழுதினது பிழை, விளக்கத்துக்கு நன்றி. ஆனா வெளியாள் தேவை எண்டதுக்கு நானும் ஒரு காரணம் சொல்லுறன். அரச ஊழியர் அனுமதியில்லாமல் பத்திரிகைக்குக் கதைக்கத் தாபன விதிக்கோவை விடாது. வெளியாளுக்கு அந்தக் கட்டு இல்லை. அவர் கதைக்கட்டும், ஊழியர் வேலையைப் பாக்கட்டும்.

நெடுங்கேணி வெயில்:
கதைக்கட்டும். வேலைநிறுத்தத் திகதியை மட்டும் அவர் சொல்லக்கூடாது. 1980 யூலை வேலைநிறுத்தத்தில 40,000 பேரளவில வேலை இழந்தவை. முடிவெடுத்த மேடை ஒண்டு, அடுப்பு அணைஞ்ச வீடு வேற. இண்டைக்கும் 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க அத்தியாவசிய பொதுச் சேவைகள் சட்டம் அப்பிடியே இருக்கு. வர்த்தமானியில ஆஸ்பத்திரியை அத்தியாவசிய சேவை எண்டு போட்டால் வேலைக்கு வராதவருக்கும் குற்றம், வராதே எண்டு தூண்டினவருக்கும் குற்றம். வேலைநிறுத்தம் எண்டால் இரகசிய வாக்கெடுப்பு, வாக்கு அங்க வேலை செய்யிற அங்கத்தவருக்கு மட்டும் எண்டு யாப்பில முதல் நாளே எழுதுங்கோ. அப்பிடி எழுதினால் மூண்டு பயணத் திட்டத்தை நானும் ஏற்பன். பட்டியலும் பற்றுச்சீட்டுப் புத்தகமும் வன்னியிலயே நிக்கவேணும் எண்ட நிபந்தனையோட.

கனகராயன்:
வாக்கெடுப்பு விதிக்குச் சம்மதம். சந்தாவுக்கு ரெட்டைப் பிரதிப் பற்றுச்சீட்டு, 25ஆம் திகதி சம்பளத்துக்கு அடுத்த நாள் சேர்க்கிறது. சம்பளத்தில கழிக்கிற சம்மதப் படிவம் பதிவு கிடைச்ச பிறகு. பட்டியலில மட்டும் எனக்கு யோசனை. அது உள்ளூரில ஒருத்தற்ற வீட்டில இருந்தால் அந்த வீட்டுக்குத்தான் ஆக்கள் தேடிப்போவினம். வெளியில ஒரு பிரதி இருந்தால் பாதுகாப்பு எண்டு நினைக்கிறன்.

தண்ணீரூற்று:
பட்டியலை விடுங்கோ, தலைமையக முகவரி எங்க? ஆண்டறிக்கை கேட்டு, விளக்கம் கேட்டு தொழில் திணைக்களக் கடிதம் வாறது அங்கதான். யாழ்ப்பாணத்து முகவரியைப் போட்டால், கொண்டுவந்து குடுக்க ஆளில்லாமக் கடிதம் கிடந்து, ஒருத்தருக்கும் தெரியாமலே பதிவு போயிடும். கந்தோர் முகவரியைப் போட்டால் மேலதிகாரிதான் முதல்ல உடைச்சு வாசிப்பார்.

நெடுங்கேணி வெயில்:
ஓய்வு பெற்ற ஊழியர் ஒருத்தற்ற வீட்டு முகவரி. அவரை இடம் மாத்தவும் ஏலாது, வேலையால நிப்பாட்டவும் ஏலாது. மல்லாவியிலயோ ஒட்டுசுட்டானிலயோ அப்பிடி ஒருத்தர் சம்மதிச்சால் பட்டியலும் அங்கயே இருக்கட்டும். கனகராயன், உங்கட முதல் பயணத்தில பெயர் எழுதத் தொடங்க முதல் அந்த ஆளைத் தேடுங்கோ.

கனகராயன்:
சரி. முதல் பயணம் மல்லாவிக்கு, அறுவடை முடிஞ்ச பிறகு.