1987 பியூக் கிராண்ட் நேஷனல்: பிரேக் பம்ப் தானாக ஓடிக்கொண்டே இருக்கிறது, வாங்கலாமா?

மிச்சிகன்வாசி:
வணக்கம். நான்கு நாளாக இதே நினைப்பாக இருக்கிறேன், உதவுங்கள்.

நான் இருப்பது மிச்சிகன், பான்டியாக் நகரத்திலிருந்து அரை மணி நேரம். பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் தன் 1987 பியூக் கிராண்ட் நேஷனலை விற்கிறார். கருப்பு வண்டி, 3.8 லிட்டர் வி6, டர்போ, இன்டர்கூலர், 71,000 மைல். அவரே பான்டியாக் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இந்த வண்டி உருவான அதே இடம். 38,000 டாலர் கேட்கிறார்.

சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தேன். முதல் சிக்னலிலேயே பானெட்டுக்குள்ளிருந்து "விர்ர்ர்" என்று ஒரு மோட்டார் சத்தம். நின்றது. பிரேக் பெடல்மேல் என் கால் அசையவே இல்லை, பத்துப் பதினைந்து விநாடியில் மறுபடியும் சத்தம். திரும்பி வரும்போது டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு ஒரு தடவை எரிந்து அணைந்தது. அந்த நேரத்தில் பெடல் கல் மாதிரி இறுகிவிட்டது, இரண்டு காலாலும் மிதிக்கலாமா என்று தோன்றியது. பெரியவர், "இந்த மாடல் எல்லாமே இப்படித்தான்" என்கிறார். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் மூடியைக் கழற்றினால், ஆயில் காபி டிகாஷன் நிறத்தில் இருக்கிறது.

இன்னொன்று. முழுசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தால் டர்போ ஏறும் நேரத்தில் ஒரு திணறல். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது.

இது பெரிய செலவா, ஆபத்தா? வண்டி உண்மையான கிராண்ட் நேஷனல்தானா என்று எப்படி உறுதி செய்வது?

ஒஹையோக்காரன்:
தம்பி, முதல் வேலை: அந்த வண்டியை இனி ரோட்டில் ஓட்டாதீர்கள். பெரியவரையும் ஓட்டவிடாதீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன்.

சாதாரணக் கார்களில் பிரேக்குக்கு உதவுவது இன்ஜின் வெற்றிடம். டர்போ காற்றை உள்ளே தள்ளும்போது அந்த வெற்றிடம் இருக்காது. அதனால் இந்த வண்டியில் பவர்மாஸ்டர் என்று ஒரு அமைப்பு வைத்தார்கள். மின்சார பம்ப் ஒன்று பிரேக் ஆயிலை அழுத்தி, பந்து மாதிரி இருக்கும் ஒரு குடுவையில் சேமித்து வைக்கும். பெடலை மிதித்தால் அந்த அழுத்தம்தான் உங்கள் காலுக்குத் துணை. அது இறங்கிவிட்டால் பிரேக் பிடிக்கும், ஆனால் மொத்தப் பலமும் உங்கள் காலிலிருந்துதான் வரவேண்டும். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

வண்டியை நிறுத்தியபடியே ஒரு சோதனை. சாவி ஆஃப். பெடல் நன்றாக இறுகும்வரை மிதியுங்கள், பத்துப் பன்னிரண்டு தடவை; சேமித்த அழுத்தம் இறங்கிவிடும். இப்போது சாவியை ஆன் செய்யுங்கள், இன்ஜினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். பம்ப் ஓடும். ஏறக்குறைய 20 விநாடிக்குள் நிற்க வேண்டும், சிவப்பு விளக்கும் அணைய வேண்டும். நின்ற பிறகு பெடலைத் தொடாமல் கையில் கடிகாரத்தோடு உட்காருங்கள். எத்தனை விநாடியில் மறுபடி ஓடுகிறது என்று எழுதுங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஆயில் அளவு பார்ப்பதும் ஊற்றுவதும் அழுத்தம் இறங்கிய நிலையில் மட்டும்தான். பம்ப் ஓடி முடிந்ததும் ஆயில் தொட்டியில் பம்ப் பக்கம் இருக்கும் அறையில் ஆயில் தானாகவே குறைந்து தெரியும். குறைகிறதே என்று அப்போது ஊற்றினால், அழுத்தம் இறங்கும்போது பொங்கி வழிந்து பெயின்ட்டைத் தின்றுவிடும். என் வண்டியில் ஃபென்டர் ஓரம் ஒரு கை அகலம் போனது அப்படித்தான்.

நட்டுபோல்ட்:
உண்மையான வண்டியா என்பதற்கு: விஐஎன் எண்ணில் (வண்டியின் அடையாள எண்) எட்டாவது எழுத்து 7 என்று இருந்தால் 86-87 டர்போ இன்ஜினோடு பிறந்த வண்டி. ஆனால் அது கிராண்ட் நேஷனல் என்பதற்கு அது மட்டும் போதாது. டிக்கி மூடியின் உட்புறம் ஆப்ஷன் குறியீடுகள் அச்சடித்த ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் டபிள்யூஈ2 இருந்தால் கிராண்ட் நேஷனல். டபிள்யூஈ4 என்றால் டர்போ டி, அதே இன்ஜின் உள்ள இன்னொரு மாடல். அதுவும் அருமையான வண்டி, ஆனால் பேட்ஜ் ஒட்டி கிராண்ட் நேஷனல் விலைக்கு விற்கிறவர்கள் உண்டு. எல்சி2 என்பது இன்ஜின் குறியீடு, அதையும் தேடுங்கள்.

விலை பேசும்போது "அரிய வண்டி" என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். 87இல் மட்டும் 20,193 கிராண்ட் நேஷனல் செய்தார்கள். நிஜமாகவே அரியது இதன் சிறப்புப் பதிப்பான ஜிஎன்எக்ஸ், மொத்தம் 547தான். ஆனாலும் நீங்கள் பார்த்தது சாதாரண வண்டி இல்லை. 245 குதிரைத்திறன், அந்த வருஷ செவ்ரோலே கார்வெட் ஸ்போர்ட்ஸ் காருக்கே 240தான்!

மிச்சிகன் என்பதால் துருவைக் கவனியுங்கள். பனிக்கு ரோட்டில் உப்பு கொட்டும் ஊர். கீழே படுத்து, பின் ஆக்ஸிலுக்கு மேலே வளைந்து போகும் இரும்புச் சட்டத்தையும் (ஃபிரேம்) பின்பக்கம் பாடி உட்காரும் இடங்களையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பிரேக்கைச் சரிசெய்யலாம். சட்டம் போய்விட்டால் வாங்காதீர்கள்.

தார்ரோடு:
எதற்கு இவ்வளவு பாடு? பவர்மாஸ்டரைக் கழற்றிவிட்டு, டர்போ இல்லாத பியூக் ரீகலில் (கிராண்ட் நேஷனலின் அடிப்படை மாடல்) வரும் வேக்குவம் பூஸ்டரை, அதாவது இன்ஜின் வெற்றிடத்தால் இயங்கும் பிரேக் உதவியை, மாட்டுங்கள். நான் அப்படித்தான் பத்து வருஷமாக ஓட்டுகிறேன்.

ஒஹையோக்காரன்:
ஓட்டுவதற்குச் சரி, மறுக்கவில்லை. ஆனால் எல்லாமே ஒரிஜினலாக இருக்கும் 71,000 மைல் வண்டி இது. அசல் யூனிட்டைப் பிரித்து ரீபில்ட் பண்ணி அதே இடத்தில் வைப்பதைத்தான் நான் சொல்வேன். மாற்றினாலும் பழையதைத் தூக்கிப் போடாமல் பெட்டியில் வையுங்கள்.

மிச்சிகன்வாசி:
ஒஹையோ அண்ணா, நட்டுபோல்ட் சார், நன்றி. நேற்று மாலை போனேன்.

டிக்கி மூடி ஸ்டிக்கர் மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது: டபிள்யூஈ2, எல்சி2. எட்டாவது எழுத்து 7. பெரியவர் டார்ச் பிடித்துக்கொண்டு கூடவே குனிந்து பார்த்தார். சட்டத்தில் மேல்துருதான், ஸ்க்ரூடிரைவர் எங்கும் இறங்கவில்லை.

பிரேக் சோதனை: பம்ப் 44 விநாடி ஓடியது. நின்றதும் பெடலைத் தொடவே இல்லை. 13, 15, 14 விநாடியில் திரும்பத் திரும்ப ஓடியது. வெளியே எங்கும் ஆயில் கசிவு இல்லை, சக்கரங்களின் உட்புறமும் காய்ந்திருக்கிறது.

ஒஹையோக்காரன்:
அப்படியென்றால் யூனிட்டுக்குள்ளேயே கசிகிறது. சேமித்த அழுத்தம் உள் வால்வு வழியாக மறுபடி ஆயில் தொட்டிக்கே திரும்புகிறது. பந்துக் குடுவை மட்டும் போயிருந்தால் கதை வேறு: பம்ப் சட்டென்று நின்றுவிடும், பெடலை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் ஓடும். உங்களுக்கு மிதிக்காமலே ஓடுகிறது, 44 விநாடியும் எடுக்கிறது. குடுவையை மட்டும் மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டாம். மொத்த யூனிட்டையும் ரீபில்ட் செய்யக் கொடுங்கள், குடுவையும் பிரஷர் சுவிட்சும் அதோடு புதுசு போடுங்கள். அழுத்தத்தை முழுசாக இறக்காமல் அந்தப் பந்தில் ஸ்பேனர் வைக்கவே கூடாது. பழைய ஆயிலை நான்கு சக்கரத்திலும் வெளியேற்றி டாட் 3 வகைப் பிரேக் ஆயில் ஊற்றுங்கள்.

திணறலுக்கு: டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் டயக்னாஸ்டிக் கனெக்டரில் ஏ, பி இரண்டு பின்னையும் ஒரு ஒயரால் இணைத்து, சாவியை ஆன் செய்யுங்கள். செக் இன்ஜின் விளக்கு கண் சிமிட்டும். முதலில் 12 மூன்று தடவை வரும், சோதனை அமைப்பு வேலை செய்கிறது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். அதற்குப் பிறகு வரும் எண்ணைச் சொல்லுங்கள்.

மிச்சிகன்வாசி:
12க்குப் பிறகு 34.

ஒஹையோக்காரன்:
காற்று அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் சிக்னல் குறைவு. முதலில் அதன் கனெக்டரைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இன்ஜினை ஐடிலில் விட்டு, சென்சார்மேல் ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். தட்டும்போது இன்ஜின் தடுமாறினால் சென்சார் முடிந்தது.

அது சரியாகும்வரை டர்போ ஏற விடாதீர்கள். காற்றின் அளவு தப்பாகத் தெரிந்தால் பெட்ரோல் குறைவாகப் போகும், நாக்கிங் (சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பது) வரும், நாக்கிங் வந்தால் ஹெட் கேஸ்கெட் போகும். இந்த இன்ஜினைக் கொல்வது பெரும்பாலும் அதுதான். பிரீமியம் பெட்ரோல் தவிர வேறு எதுவும் வேண்டாம். இன்ஜின் ஆயில் வாங்கும்போது துத்தநாகச் சேர்மம் அதிகம் உள்ளதாகப் பாருங்கள், இல்லையென்றால் கேம்ஷாஃப்ட் தேய்ந்துவிடும்.

மிச்சிகன்வாசி:
தட்டினேன், இன்ஜின் இருமி அணையப் பார்த்தது. சென்சார்தான்.

உட்கார்ந்து பேசினோம். அவர் 34,500க்கு ஒப்புக்கொண்டார். பம்ப் பழுது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டேன். ஓட்டாமல் டோ வண்டியில் ஏற்றித்தான் கொண்டுவந்தேன். 1987 டிசம்பர் 11 அன்று கடைசி வண்டி லைனிலிருந்து இறங்கியபோது தானும் உள்ளே இருந்ததாக ஏற்றும்போது சொன்னார். அப்புறம் பின் பம்பரைக் கையால் ஒரு தடவை துடைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

யூனிட்டை இன்று கழற்றி ரீபில்டுக்கு அனுப்பிவிட்டேன். வந்ததும் பன்னிரண்டு தடவை மிதித்து, பம்ப் எத்தனை விநாடியில் நிற்கிறது என்று இங்கேயே எழுதுகிறேன். முதல் ஓட்டத்தில் அவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.